‘மென்டலிஸ்ட்’ என்ற சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது?

தாழம்பூ:

வணக்கம். உளவியலின் வரலாற்றைச் சொல்லும் ஒரு நூலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் அத்தியாயத்தில், உளவியலாளர் வாட்சனைப் பற்றிய பகுதியில், ‘மென்டலிஸ்ட்’ என்ற சொல் பதினொரு இடத்தில் வருகிறது. எனக்கு அந்தச் சொல் ‘தி மென்டலிஸ்ட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் வழியாகத்தான் பழக்கம். அதனால் யோசிக்காமல் பதினொரு இடத்திலும் ‘மனத்தைப் படிப்பவர்’ என்று எழுதிவிட்டேன். மெய்ப்புப் பார்த்த உளவியல் ஆசிரியர், “வாட்சன் எதற்காக மனத்தைப் படிப்பவர்களோடு சண்டை போடுகிறார்?” என்று ஓரத்தில் எழுதி, எல்லா இடத்தையும் சுழித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

இது போதாதென்று ஒன்பதாம் அத்தியாயத்தில் அதே சொல் வேறு முகத்தோடு வருகிறது. அங்கே பேச்சு மனநல மருத்துவமனையில் இருந்து வந்தவர்களைப் பற்றியது. மேடையும் இல்லை, வாட்சனும் இல்லை. ஒரே நூலுக்குள் ஒரே சொல் இத்தனை வேலை செய்தால் தமிழில் என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சித்திரக்கோல்:

அந்தத் தொடரை நானும் விடாமல் பார்த்தவன். 2008 முதல் 2015 வரை ஏழு பருவங்கள் வந்தன. இந்தச் சொல் உலகம் முழுக்கப் பரவியதற்கு அதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் இது மேஜிக் செய்பவர்களுக்குள்ளேயே புழங்கிய சொல்லாகத்தான் இருந்திருக்கும். தமிழில் ‘மனோவசியக்காரர்’ என்று போட்டால் எல்லாருக்கும் புரியுமே?

மேடைவிளக்கு:

இந்தத் தொழிலில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன், அதனால் இதைச் சொல்லியாக வேண்டும். தயவுசெய்து ‘மனோவசியக்காரர்’ என்று எழுதாதீர்கள். மனோவசியத்தில் நான் சொல்வதை நீங்கள் செய்வீர்கள். மென்டலிசத்தில் நீங்கள் நினைத்ததை நான் சொல்வேன். இரண்டும் எதிரெதிர்த் திசை. ஹிப்னாடிசம் மெஸ்மரிடம் தொடங்கி, 1840களில் ஜேம்ஸ் பிரெய்டு வழியாக மருத்துவத்துக்குள் போனது. எங்கள் பாதை மேடையிலேயே வளர்ந்தது. இரண்டையும் ஒரே நிகழ்ச்சியில் கலந்து செய்பவர்கள் உண்டு, அதனால்தான் இந்தக் குழப்பம்.

1846இல் பாரிஸில் ராபர்ட்-ஊதான் என்ற வித்தைக்காரர் தன் மகன் எமிலின் கண்ணைக் கட்டி மேடையில் உட்காரவைத்தார். பார்வையாளர்கள் கொடுத்த பொருளைத் தந்தை கையில் எடுப்பார், பையன் அது என்ன என்று சொல்வான். ‘இரண்டாம் பார்வை’ என்று அதற்குப் பெயர். இந்த வகை நிகழ்ச்சிகளில் பொதுவாகக் கேள்வி கேட்கும் விதத்திலேயே விடை ஒளிந்திருக்கும். “இது என்ன?” என்றால் ஒன்று, “சரி, இது என்ன?” என்றால் இன்னொன்று. நூற்றுக்கணக்கான குறிகளை இரண்டு பேரும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். கேட்பவர்களுக்கு அது சாதாரணப் பேச்சாகவே கேட்க வேண்டும். அந்த உழைப்பை நினைத்தால் எனக்கு இன்றும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

அப்புறம் அமெரிக்காவில் ஜே. ராண்டல் பிரவுன், அவரைத் தொடர்ந்து வாஷிங்டன் இர்விங் பிஷப். இவர்கள் செய்தது தசை வாசிப்பு. அரங்கில் எங்கோ ஓர் ஊசியை ஒளித்துவைப்பார்கள். ஒளித்தவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணைக் கட்டியபடி, நேராக அந்த இடத்துக்குப் போவார் பிஷப். நாம் ஒன்றைத் தீவிரமாக நினைக்கும்போது உடம்பு நமக்கே தெரியாமல் அந்தப் பக்கம் மெல்லச் சாயும். 1852இல் வில்லியம் கார்பென்டர் என்ற உடலியலாளர் இதை விளக்கி எழுதியிருக்கிறார். பயிற்சி பெற்ற கைக்கு அந்தச் சாய்வு தெரியும். சரியான பக்கம் போனால் பிடி இளகும், தவறான பக்கம் போனால் இறுகும்.

பிஷப்பின் முடிவு துயரமானது. 1889 மே மாதம் நியூயார்க்கில் ஒரு சங்கக் கூடத்தில் நிகழ்ச்சி செய்துகொண்டிருக்கும்போதே நினைவிழந்தார். இறந்துவிட்டதாக முடிவுசெய்து சில மணி நேரத்திலேயே உடற்கூறு ஆய்வு செய்துவிட்டார்கள். அவருக்கு அப்படி நினைவு தப்புவது வழக்கம், உயிரோடு இருந்தவரைத்தான் அறுத்துவிட்டார்கள் என்று அவருடைய தாய் கடைசிவரை சொல்லிவந்தார்.

இப்படி உடம்பாலும் நினைவாற்றலாலும் கற்றுக்கொண்ட ஒரு கைத்தொழிலை ‘வசியம்’ என்று எழுதினால், மந்திரம் போட்டுச் செய்தது போல ஆகிவிடுகிறது. என்னைக் கேட்டால் ‘மென்டலிஸ்ட்’ என்றே எழுதுங்கள். தமிழில்தான் வேண்டும் என்றால் ‘மனவாசிப்புக் கலைஞர்’.

தாழம்பூ:

ஐயா, ‘கலைஞர்’ என்ற ஒட்டு என் மனத்தில் தோன்றவே இல்லை, நன்றி. ஆனால் என் மூன்றாம் அத்தியாயத்தில் வரும் ஆட்கள் கலைஞர்கள் இல்லை. ஆய்வகத்தில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள். அவர்களை வாட்சன் தாக்குகிறார். அவர்களும் மென்டலிஸ்டுகள்தான் என்கிறது நூல்.

இலக்கணக்கிழவர்:

மொழியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அம்மா, உங்கள் சிக்கல் ‘மென்டல்’ என்ற பகுதியில் இல்லை, ‘இஸ்ட்’ என்ற விகுதியில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த விகுதி குறைந்தது மூன்று வேலை பார்க்கிறது. பியானிஸ்ட் என்றால் பியானோவை வாசிப்பவர். மார்க்சிஸ்ட் என்றால் மார்க்ஸின் கொள்கையை ஏற்றவர். ரேசிஸ்ட் என்றால் இனத்தை வைத்து மனிதரைத் தாழ்த்துபவர். தொழில், கொள்கை, பாகுபாடு. ‘மென்டலிஸ்ட்’ இந்த மூன்றிலும் போய் உட்கார்ந்திருக்கிறது. மேடைவிளக்கு சொன்னது முதல் வகை. உங்கள் மூன்றாம் அத்தியாயம் இரண்டாம் வகை. ஒன்பதாம் அத்தியாயம் மூன்றாவது வகையாக இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

இரண்டாம் வகையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அங்கேதான் உங்களுக்கு வேலை அதிகம்.

1879இல் லைப்சிக்கில் வூண்ட் உளவியல் ஆய்வகம் அமைத்த பிறகு, அகநோக்கு என்ற முறை பரவியது. பயிற்சி பெற்ற ஒருவர் தன் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்று தானே கவனித்துச் சொல்வார். அவர் சொல்வதுதான் தரவு. வூண்டின் மாணவர் டிட்ச்னர் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் இன்னும் கறாராக ஆக்கினார். வந்தது வம்பு. மனப்படிமம் எதுவும் இல்லாமல் எண்ணம் இருக்க முடியும் என்றது ஜெர்மனியில் வுர்ட்ஸ்பர்க் குழு. முடியாது, படிமம் இருந்தே தீரும் என்றார் டிட்ச்னர். யார் சொல்வது சரி? ஒருவர் மனத்துக்குள் இன்னொருவர் புகுந்து பார்க்க வழியில்லையே! “உங்கள் ஆட்களுக்குப் பயிற்சி போதவில்லை” என்று மற்றவரைக் குறை சொல்வதைத் தவிர வேறு தீர்ப்பு கிடையாது.

1913இல் வாட்சன் எழுதிய கட்டுரையின் கோபம் இங்கிருந்துதான் வருகிறது. உணர்வுநிலை, மனப்படிமம் போன்ற பேச்சையே விட்டுவிடுங்கள், எல்லாரும் பார்க்கக்கூடிய நடத்தையை மட்டும் ஆராயுங்கள் என்றார். அந்த அணி நடத்தைவாதிகள். நடத்தைக்குக் காரணமாக மனத்தைக் காட்டுபவர்களுக்கு எதிரணி வைத்த பெயர்தான் மென்டலிஸ்ட். அந்தக் காலத்தில் அது பாராட்டு இல்லை, குற்றச்சாட்டு. அறிவியல் தெரியாதவர் என்ற வாடை அதில் உண்டு. உங்கள் மொழிபெயர்ப்பில் அந்த வாடையும் வர வேண்டும்.

என் துறையிலும் இதே கதைதான். புளூம்ஃபீல்டு 1933இல் வெளியிட்ட நூலில் மென்டலிசத்தைத் தள்ளிவைத்தார். 1957இல் நடத்தைவாதியான ஸ்கின்னர் மொழியையும் நடத்தையாகவே விளக்கி ஒரு நூல் எழுதினார். 1959இல் சோம்ஸ்கி அதற்கு எழுதிய மதிப்புரை அந்த வாதத்தைப் பிரித்து மேய்ந்தது. ஒரு குழந்தை தான் கேட்டே இராத வாக்கியத்தைச் சொல்கிறதே, தூண்டலும் எதிர்வினையும் அதை எப்படி விளக்கும்? 1965இல் சோம்ஸ்கி, மொழிக்கோட்பாடு மென்டலிசம் சார்ந்ததுதான் என்று தானே எழுதினார். வசைச்சொல்லாக எறியப்பட்டதை எடுத்துப் பட்டமாகச் சூடிக்கொண்ட கணம் அது. நான் மாணவனாக அதைப் படித்த நாள் இன்னும் நினைவிருக்கிறது.

ஆகவே அங்கே ‘மனவாதி’ என்று போடுங்கள். நடத்தைவாதி, மனவாதி என்று இரண்டும் எதிரெதிரே நிற்கும்போது வாசகருக்குச் சண்டை கண்ணில் தெரியும்.

ஓடைக்கரை:

மெய்யியல் பக்கத்திலிருந்து ஒரு சேர்க்கை. அங்கும் மென்டலிசம் உண்டு. பொருளென்று தனியே ஒன்றில்லை, உள்ளதெல்லாம் மனமும் அதில் தோன்றுபவையும்தான் என்ற கொள்கை. 1710இல் பார்க்லி எழுதியது இதைத்தான். பௌத்தத்தில் வசுபந்து அதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் முன்னால் விஞ்ஞானவாதமாக இதை வாதாடிவிட்டார். 1908இல் சிகாகோவில் ஆசிரியர் பெயர் மறைத்து வெளியான ‘கிபாலியன்’ என்ற மறைஞான நூலின் முதல் விதியே மென்டலிசம்தான். இன்று இணையத்தில் ‘பிரபஞ்சமே மனம்’ என்று ஓடும் காணொளிகள் பல அங்கிருந்து எடுத்தவை. ரமண மகரிஷியைப் பற்றி மேலைநாட்டாருக்கு எழுதிய பால் பிரண்டனும் 1941இல் வந்த தன் நூலில் தன் தத்துவத்துக்கு இந்தப் பெயரைத்தான் வைத்தார்.

இதற்கும் ‘மனவாதி’ போதுமா, ஐயா?

இலக்கணக்கிழவர்:

போதாது, குழப்பும். தமிழில் ‘கருத்துமுதல்வாதம்’ என்று நல்ல சொல் வேரூன்றியிருக்கிறது. பார்க்லிக்கு அதுவே சரி. மனம் என்று ஒன்று உண்டு, அது நடத்தைக்குக் காரணம் ஆகும் என்று சொல்வது வேறு. மனத்தைத் தவிர வேறெதுவும் இல்லை என்று சொல்வது வேறு. சோம்ஸ்கியைப் பார்க்லியோடு ஒரே பெட்டியில் போட்டால் இருவருக்கும் அநியாயம். மூளை ஆய்வுக்காக 1981இல் நோபல் பெற்ற ரோஜர் ஸ்பெர்ரி, மென்டலிசத்தை ஏற்கிறேன், ஆனால் மனமும் உடலும் தனித்தனி என்பதை ஏற்க மாட்டேன் என்று தெளிவாகப் பிரித்தே எழுதினார்.

இன்னொன்று. தமிழின் ‘வாதி’யும் லேசுப்பட்டது இல்லை. பொருள்முதல்வாதி கொள்கைக்காரர். இனவாதி பாகுபாடு காட்டுபவர். அரசியல்வாதி தொழில்காரர். நீதிமன்றத்தில் வாதி என்றால் வழக்குத் தொடுத்தவர். ஆங்கிலத்து ‘இஸ்ட்’ செய்யும் அத்தனை வேலையையும் நம் ‘வாதி’யும் செய்யும். அதனால் மூன்றுக்கும் ‘மனவாதி’ என்று போட்டுவிடலாம் என்ற ஆசை வரும். வரும்போது தள்ளிவிடுங்கள்.

கல்வெட்டு:

ஏன் தள்ள வேண்டும்? மூல ஆசிரியர் ஒரே சொல்லைத்தானே எழுதியிருக்கிறார்? ஆங்கில வாசகர் இடம் பார்த்துப் பொருள் கொள்ளும்போது தமிழ் வாசகருக்கு அந்தத் திறமை இருக்காதா? எல்லா இடத்திலும் ‘மென்டலிஸ்ட்’ என்றே வைத்து, முதலில் வரும் இடத்தில் ஓர் அடிக்குறிப்புப் போடுங்கள். நாமே பிரித்துக் கொடுத்தால், ஒரு சொல் இப்படிப் பிரிந்து பிரிந்து வளர்ந்தது என்ற வரலாறே வாசகருக்குத் தெரியாமல் போய்விடும்.

தாழம்பூ:

உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது, இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் ஆங்கில வாசகருக்கு ‘மென்டல்’ தாய்மொழிச் சொல். மனம் சார்ந்தது என்ற நேர்ப்பொருள் அவருக்கு முதலில் கேட்கும். தமிழில் ‘மென்டல்’ என்று கேட்டதும் முதலில் என்ன கேட்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்தச் சொல் நம்மிடம் வசையாகத்தான் வாழ்கிறது. சோம்ஸ்கியை ‘மென்டலிஸ்ட்’ என்று நான் எழுதினால் பாதி வாசகர்கள் அங்கேயே திகைத்து நிற்பார்கள்.

ஈரநிலா:

நான் பொதுவாக இங்கே படித்துவிட்டுப் போய்விடுவேன். ‘மென்டல்’ பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

முதலில், இன்னும் யாரும் சொல்லாத ஒரு பொருள் உண்டு. பிரிட்டனில் 1990களிலிருந்து ‘மென்டலிஸ்ட்’ என்பது தெருப்பேச்சில் கிறுக்கன் என்ற வசை. தொலைக்காட்சி நகைச்சுவை வழியாக அது நன்றாகப் பரவியது. பியானிஸ்டும் இல்லை, மார்க்சிஸ்டும் இல்லை. ‘மென்டல்’ என்ற வசைக்கு ஒரு வால் ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதற்கு நேர் எதிரான பொருள்தான் தாழம்பூவின் ஒன்பதாம் அத்தியாயத்தில் இருக்கும். ஜூடி சேம்பர்லின் என்ற அமெரிக்கப் பெண் 1966இல் கருச்சிதைவுக்குப் பிறகு வந்த மனச்சோர்வுக்காக மருத்துவமனைக்குப் போனவர். பிறகு தன் விருப்பத்துக்கு மாறாக அடைத்துவைக்கப்பட்டார். வெளியே வந்து, தன்னைப் போன்றவர்களோடு சேர்ந்து இயக்கம் நடத்தினார். 1970களில் ‘மென்டலிசம்’ என்ற சொல்லை அவர் புதுப் பொருளில் எழுதினார். மனநோய் என்ற முத்திரை விழுந்தவரைக் குறைந்த மனிதராக நடத்தும் பழக்கம்தான் அது. மார்டன் பிர்ன்பாம் என்ற மருத்துவரும் வழக்கறிஞருமானவர் 1960களிலேயே ‘சேனிசம்’ என்ற சொல்லைக் கொண்டுவந்திருந்தார். கிட்டத்தட்ட அதே பொருள்தான்.

ஆக, தெருவில் மென்டலிஸ்ட் என்றால் மனநோயாளி என்று வையப்படுபவர். இயக்கத்தில் மென்டலிஸ்ட் என்றால் அப்படி வைபவர். ஒரே சொல் அடிபட்டவரையும் அடிப்பவரையும் குறிக்கிறது. இதைப் பிரித்து எழுதாவிட்டால் உங்கள் நூல் தலைகீழாகப் படிக்கப்படும்.

இருபத்து நான்கு வயதில் நான் மூன்று மாதம் உள்நோயாளியாக இருந்தேன். இப்போது நன்றாக இருக்கிறேன், வேலைக்குப் போகிறேன். ஆனால் அந்த மூன்று மாதம் எனக்கு முன்னால் போய் நிற்கிறது. அலுவலகத்தில் யாராவது என் வேலையைத் தன் பெயரில் காட்டினால், மற்றவர் கோபப்படலாம். நான் கோபப்பட்டால் “மாத்திரை சாப்பிட்டீர்களா?” என்று அக்கறையாகக் கேட்பார்கள். என் கோபத்துக்குக் காரணமே இருக்க முடியாது, அது வெறும் அறிகுறி. சேம்பர்லின் பெயரிட்டது இதைத்தான். அந்தப் பெயரை முதன்முதலில் படித்தபோது, எனக்கு நடப்பதற்கு ஒரு சொல் இருக்கிறது என்று தெரிந்ததே பெரிய ஆறுதலாக இருந்தது. அதனால்தான் தமிழிலும் அதற்கு ஒரு சொல் வேண்டும் என்கிறேன். ‘மனநிலைப் பாகுபாடு’ எனக்குப் பிடித்திருக்கிறது. செய்பவரை ‘மனநிலைப் பாகுபாடு காட்டுபவர்’ என்று நீட்டித்தான் சொல்ல வேண்டும், நீளட்டும்.

சித்திரக்கோல்:

ஈரநிலா, இந்த மன்றத்திலேயே ஓர் இழையில் ஒருவரை ‘மென்டல்’ என்று எழுதியவன் நான். அந்தப் பதிவைத் தேடி நீக்கிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

மேடைவிளக்கு அண்ணனிடம் ஒரு கேள்வி. இத்தனை பொருள் சுமக்கும் சொல்லை உங்கள் தொழிலுக்குப் பெயராக வைத்துக்கொள்வது உறுத்தவில்லையா?

மேடைவிளக்கு:

ஈரநிலா எழுதியதைப் படித்த பிறகு கொஞ்சம் உறுத்துகிறது, தம்பி. ஆனால் எனக்கு நீண்ட நாளாக இருக்கும் உறுத்தல் வேறு.

எங்கள் கலையில் ‘கோல்ட் ரீடிங்’ என்று ஒன்று உண்டு. முன்பின் தெரியாத ஒருவரைப் பற்றி, அவருடைய வயது, உடை, கை, பேச்சு இவற்றை வைத்து, யாருக்கும் பொருந்தக்கூடிய சில வாக்கியங்களோடு தொடங்குவோம். அவர் முகம் எதற்கு மலர்கிறதோ அந்தப் பக்கம் நகர்வோம். கொஞ்ச நேரத்தில் அவரே எல்லாவற்றையும் சொல்லியிருப்பார், ஆனால் நான் சொன்னதாக நினைவு வைத்துக்கொள்வார். 1948இல் ஃபோரர் என்ற உளவியலாளர் 39 மாணவர்களுக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, முடிவு என்று சொல்லி எல்லாருக்கும் ஒரே தாளைக் கொடுத்தார். சோதிட நூலிலிருந்து எடுத்த வரிகள் அவை. எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. மனித மனம் அப்படித்தான், இதில் ஏமாந்தவர் அறிவில்லாதவர் என்று இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் ஓர் அம்மா மேடைக்குப் பின்னால் வந்தார். கணவர் இறந்து எட்டு மாதம். “அவர் என்னிடம் ஏதாவது சொல்ல நினைத்தாரா? உங்களுக்குத் தெரிந்திருக்குமே” என்றார். நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே, எனக்கு எந்தச் சக்தியும் இல்லை, இது பயிற்சி என்று சொல்லியிருந்தேன். அது அவர் காதில் விழவில்லை. அன்று நான் வாயைத் திறந்து நாலு வாக்கியம் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார், அழுதிருப்பார், திரும்பத் திரும்ப வந்திருப்பார். நான் நாற்காலி போட்டு உட்காரவைத்து, நான் செய்ததில் ஒன்றை எப்படிச் செய்தேன் என்று முழுதாக விளக்கிக் காட்டினேன். தொழில் ரகசியத்தை வெளியாள் ஒருவரிடம் உடைத்தது அந்த ஒரே முறைதான். அவருக்கு ஏமாற்றம். கொஞ்ச நேரம் கணவரைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்.

நீங்கள் எல்லாரும் பார்த்த தொடரின் நாயகனும் முன்பு ஆவியோடு பேசுவதாகச் சொல்லிப் பிழைத்தவன்தானே. பிறகு அப்படி ஒன்றும் கிடையாது என்று அவனே திரும்பத் திரும்பச் சொல்வான். ஜேம்ஸ் ராண்டி 1964இல் ஆயிரம் டாலரில் தொடங்கிய பரிசு பின்னால் பத்து லட்சம் டாலர் ஆனது. சோதனைக்கு உட்பட்டு அமானுஷ்ய சக்தியை நிரூபித்து அதை வாங்கியவர் எவரும் இல்லை. ராண்டியும் மேடைக்காரர்தான், அதனால்தான் மேடை வித்தை அவருடைய கண்ணுக்குத் தப்பவில்லை. ‘மென்டலிஸ்ட்’ என்ற சொல் எனக்கு வேண்டியிருப்பது இதற்காக. ‘ஞானதிருஷ்டிக்காரர்’ என்று சொல்லாமல் தப்பிக்க எனக்கு இருக்கும் ஒரே பெயர் அதுதான்.

தாழம்பூ:

எல்லாருக்கும் நன்றி. இப்போதைக்கு இப்படி மாற்றியிருக்கிறேன்: வாட்சன், சோம்ஸ்கி வரும் இடங்களில் மனவாதி. பார்க்லி ஒரே ஓரிடத்தில் வருகிறார், கருத்துமுதல்வாதி. மேடைக்காரர்களுக்கு மென்டலிஸ்ட், முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘மனவாசிப்புக் கலைஞர்’ என்ற விளக்கத்தோடு. சேம்பர்லினுக்கு மனநிலைப் பாகுபாடு. கல்வெட்டு சொன்ன வரலாறு இழப்பாகாமல் இருக்க, மூலத்தில் இவை எல்லாம் ஒரே சொல் என்று முன்னுரையில் ஒரு பத்தி எழுதுகிறேன்.

ஓர் இடம் மட்டும் பாக்கி. ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒருவர், பள்ளியில் தன்னை எல்லாரும் ‘மென்டலிஸ்ட்’ என்று கூப்பிட்டதைச் சொல்கிறார். ‘மனநலம் குன்றியவன்’ என்று எழுதிவைத்திருந்தேன். ஈரநிலா, இது சரியா?

ஈரநிலா:

சரியில்லை. பள்ளிக்கூடத்தில் யாரும் யாரையும் ‘மனநலம் குன்றியவன்’ என்று கூப்பிட மாட்டார்கள். அவருக்கு வலித்தது நமக்கும் வலிக்க வேண்டும். ‘மென்டல்’ என்றே போடுங்கள்.

தாழம்பூ:

போட்டுவிட்டேன். “ஆறாம் வகுப்பிலிருந்து எனக்குப் பெயர் கிடையாது, மென்டல்தான்.”